நூற்றுக்கு நூறு லைவ்

சேலம் கோட்டைப் பகுதியில் தமீமுக்கு ஒரு மெத்தைக் கடை இருக்கிறது. இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, பச்சைக் குழந்தைக்குக் கடுகுத் தலையணை. அத்தா காலத்துக் கடை. பகலில் அவர் மெத்தைக்கடை பாய். பொழுது சாய்ந்து கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டால் ட்ரம்பெட் பாய். வெண்சங்கு மெல்லிசைக் குழுவில் இருபது வருடத்துக்கு மேலாக ட்ரம்பெட் வாசிக்கிறவர். வாசிக்கிறவர் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லில்தான் அவருக்கு நேர்ந்தது எல்லாம் அடங்கியிருக்கிறது.

கல்லூரியில் என்.சி.சி. பேண்டுக்கு ஆள் குறைந்தபோது, மார்பு அகலமாக இருக்கிறதே என்று ஒரு சார் அவர் கையில் ட்ரம்பெட்டைக் கொடுத்தார். கொடியேற்றத்துக்கு ஊதக் கற்றுக்கொண்டவர், அடுத்த வருடமே சினிமாப் பாட்டு ஊத ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் நின்று ஊதுவார். மனைவி அஜீஸுன்னிசா துணி காயப்போட்டபடியே கேட்பார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க மேல போகப் போக எதிர்வீட்டு ஆடும் கூடவே கத்துது" என்பார்.

குழுவின் ஓனர் மோகன்குமார் குமாரபாளையத்துக்காரர். வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. தறிச் சத்தத்திலிருந்துதான் எனக்குத் தாளம் வந்தது என்று யாரும் கேட்காமலே சொல்வார். கீபோர்டு வாசிப்பார். அந்தக் காலத்தில் குழுவில் பதினோரு பேர். ஒரு வேனில் ஆளும், இன்னொரு வேனில் பெட்டியுமாகப் போய் இறங்கினால், கல்யாண வீட்டுக்காரர்கள் பந்திக்கு அரிசி கூடுதலாகப் போடுவார்கள்.

கொரோனா முடிந்து மண்டபங்கள் திறந்த சமயம். ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர் மேடையேறி, தன் செல்போனை மோகன்குமாரின் காதில் வைத்தார்.

"கேளுங்ண்ணா. இதான் பாட்டு. நீங்க வாசிச்சது வேற எதோ."

போனில் நாற்பது வயலின் ஒரே சமயத்தில் ஒலித்தன. மேடையில் இருந்தது இரண்டு வயலின். அவற்றில் ஒன்றுக்கு அன்று கம்பி அறுந்திருந்தது. மோகன்குமார் அன்று சாப்பிடவில்லை. அடுத்த மாதமே ஒரு லேப்டாப் வாங்கினார். பாடகர் குரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லா வாத்தியமும் பதிவான பாட்டுகள் அதில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றை 'ட்ராக்' என்பார்கள். பட்டனைத் தட்டினால் போதும், நாற்பது வயலினும் வந்து நிற்கும். ஒன்றும் சாப்பாடு கேட்காது. அந்த வருட ஆயுத பூஜைக்குக் கீபோர்டுக்கு முன்னால் லேப்டாப்புக்குத்தான் சந்தனம் வைத்தார்கள்.

பிறகு ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். புல்லாங்குழல்காரர் ரிக் வண்டியில் ஏறி ஆந்திரா பக்கம் ஆழ்துளைக் கிணறு போடப் போய்விட்டார். துளைகளோடு அவருக்கு இருந்த உறவு விடவில்லை. தபலாக்காரர் செல்போன் உறை விற்கக் கடை போட்டார். வயலின்காரர்கள் இருவரும் குழந்தைகளுக்கு வகுப்பெடுக்கப் போனார்கள். கடைசியில் மிஞ்சியது நான்கு பேர். மோகன்குமார், டிரம்ஸ் பெரியசாமி, பாடகி தனப்பிரியா, தமீம்.

தமீமை மட்டும் ஏன் நிறுத்தவில்லை என்றால், அதற்கு வீடியோக்காரர்கள் காரணம். "எல்லாரையும் அனுப்புங்க, அந்தப் பளபளன்னு இருக்கற ஆளை மட்டும் அனுப்பீராதீங்க" என்று அவர்கள் மோகன்குமாரிடம் சொல்லியிருந்தார்கள். மேடை வெளிச்சம் பட்டால் ட்ரம்பெட் தங்கமாக ஜொலிக்கும். ஆல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் அது இருந்தால்தான் ஆர்கெஸ்ட்ரா வைத்ததற்கு அர்த்தம். அஜீஸுன்னிசா அதைக் குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி புளி போட்டுத் துலக்கித் தருவார்.

ஆனால் ட்ரம்பெட்டில் ஒரு சிக்கல் இருந்தது. கீபோர்டைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு விரலை ஓட்டலாம். பெரியசாமியின் டிரம்ஸ் எலக்ட்ரானிக். ஒயரைப் பிடுங்கிவிட்டால் வெறும் ரப்பர் பலகை. ட்ரம்பெட்டுக்குப் பிடுங்க ஒயர் கிடையாது. வாயில் வைத்தால் மூச்சு போகும், மூச்சு போனால் சத்தம் வரும். தமீம் யோசித்து, கடையில் இருந்த இலவம்பஞ்சைக் கையளவு எடுத்து அதன் வாயில் அடைத்தார். அன்றிலிருந்து அந்த ட்ரம்பெட் பேசவில்லை.

ஆரம்பத்தில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு, செய்வதுதான் செய்கிறோம், திருத்தமாகச் செய்வோமே என்று பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தார். எந்த இடத்தில் கன்னம் உப்ப வேண்டும், எந்த இடத்தில் புருவம் ஏற வேண்டும், எங்கே கண்ணை மூட வேண்டும் என்று.

அஜீஸுன்னிசா வாசலில் நின்று பார்த்தார். "சத்தமா ஊதுன காலத்துல கூட நீங்க இவ்வளவு பாடுபட்டதில்லைங்க."

"அது சுலபம்மா. காது மட்டும் தான் கேட்டுட்டு இருந்துச்சு. இது கண்ணுக்கு வாசிக்கிறது" என்றார் தமீம்.

பெயர் பரவியது. வெண்சங்கு குழுவில் ஒரு பாய் உயிரைக் கொடுத்து ஊதுகிறார் என்று ராசிபுரம் வரைக்கும் சொன்னார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புளியங்காட்டுப்பாளையம் மாரியம்மன் திருவிழா வந்தது. நாமக்கல் பக்கத்து ஊர். விழாக் கமிட்டித் தலைவர் கந்தப்பன் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். முட்டை உடையாமல் லாரி ஏற்றுகிற மாதிரியே திருவிழாவையும் நடத்துவார். எல்லாம் அடுக்கு, எல்லாம் வரிசை.

முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தது. மேடை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது. தனப்பிரியா பல்லவியைப் பாடி முடித்தாள். இடையிசையில் ட்ரம்பெட் தனியாக வரும் இடம். தமீம் ஓரடி முன்னால் வந்து, மூச்சை உள்ளே இழுத்தார். மூச்சோடு ஒரு ஈசலும் போனது.

ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு இருமினார். குனிந்து இருமினார். தொடையில் கை ஊன்றி இருமினார். அத்தனை நேரமும் ட்ரம்பெட் இசை ஒலிபெருக்கியில் குழைந்து குழைந்து வந்துகொண்டே இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் அதையும் ஒரு வித்தை என்று நினைத்துக் கை தட்டினார்கள். கந்தப்பன் தட்டவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார்.

"ஏனுங்க, பாய் வாயை எடுத்த பொறவும் ஊதுதே. அது யாருங்க?"

மோகன்குமார் அவசரமாக லேப்டாப்பை மூடினார். நாற்பது வயலினும் பாதி மூச்சில் நின்றன.

"அது எக்கோ எஃபெக்ட்டுங்க ஐயா."

"எக்கோன்னா, கத்துனதுதானுங்க திரும்பி வரும்? இவரு இருமுனாரு. அப்ப இருமல்தானுங்களே திரும்பி வரோணும்?"

பந்தலுக்குப் பின்னால் விசாரணை நடந்தது. கமிட்டிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். குழுவினர் நின்றார்கள். லேப்டாப்பை ஒருவர் சாட்சி மாதிரி மடியில் வைத்திருந்தார். கோயிலுக்குள் தீபாராதனை ஆரம்பித்து, மோட்டாரில் ஓடும் மின்சார மேளம் டமடமவென்று அடித்தது. இரண்டு இரும்புக் கை முரசை அறைய, மூன்றாவது ஒன்று மணியை ஆட்டியது.

மோகன்குமார் அதைக் காட்டினார். "தப்பா நெனைக்காதீங்க. அம்மனுக்கு நீங்க அடிக்கறதும் மெசினுதானுங்களே?"

"மெசினுதான். இல்லீன்னு யாரு சொன்னாங்க?" என்றார் கந்தப்பன். "அது மெசினுன்னு கொளந்தைக்குக்கூடத் தெரியும். அது கோட்டுப் போட்டு, கன்னத்தை உப்பிக்கிட்டு நிக்கலீங்களே."

தமீமுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. கோட்டின் பொத்தானைக் கழற்றினார். கழற்றி என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி போட்டார்.

தீர்ப்பு வந்தது. திருவிழா முடிந்து அடுத்த வாரம் மறுபூஜை நடக்கும். அன்று குழு மீண்டும் வர வேண்டும். லேப்டாப் ஊர் எல்லைக்குள் வரக் கூடாது. எல்லாவற்றையும் நேரடியாக வாசிக்க வேண்டும். "எங்கூர்ல லைவுதான் நடக்கும்" என்றார் கந்தப்பன். அந்த நிமிடம் வரை அந்தச் சொல்லுக்கு அவர் பண்ணையில் வேறு அர்த்தம். உயிர்க்கோழியை லைவ் என்றும் உரித்ததை வேறு மாதிரியும் எடை போடுவார்கள். உயிரோடு இருப்பதற்குத்தான் மதிப்பு என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது.

தமீம் பஞ்சை வெளியே எடுத்தார். கடைக்குப் பின்னால் இருந்த குடோனில் நின்று மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக ஊதினார். அஜீஸுன்னிசா ஓடி வந்தார்.

"என்னங்க, எருமை எதுவும் உள்ள பூந்துடுச்சா?"

ட்ரம்பெட்டுக்கு உதடு இறுகியிருக்க வேண்டும். அவர் உதடு ஆறின தோசை மாதிரி ஆகியிருந்தது. அந்த வாரம் முழுவதும் மெத்தை வாங்க வந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஊதினார். உதடு வீங்கியது. வீங்கி வற்றியது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து ஊதியபோது ஒரு சுரம் நேராக, முழுதாக வந்து குடோன் சுவரில் மோதி நின்றது. அஜீஸுன்னிசா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். குறை சொல்லாதது பெரிய பாராட்டு என்று தமீமுக்குத் தெரியும்.

மறுபூஜை அன்று நான்கு பேரும் வாசித்தார்கள். பெரியசாமி நிஜ டிரம்ஸ் கொண்டுவந்திருந்தார். பதற்றத்தில் ஒவ்வொரு பாட்டையும் ரயில் பிடிக்கிற வேகத்தில் ஓட்டினார். மோகன்குமார் ஓர் இடத்தில் விரல் தவறி, வேறு பாட்டுக்குள் போய், வழி கேட்டுத் திரும்பி வந்தார். தனப்பிரியாவின் குரல் மேலே போகும்போது ஒரு முறை கீறியது. அடுத்த முறை பிடித்துக்கொண்டாள், நன்றாகவே பிடித்துக்கொண்டாள். தமீம் தன் இடையிசையின் கடைசி சுரத்தை இழுத்து நிறுத்தியபோது அவர் கண் கலங்கியது. மூச்சு முட்டியதாலும் இருக்கலாம்.

ஊருக்குப் பிடிக்கவில்லை.

"பேஸே அடிக்க மாட்டீங்குதுங்ண்ணா, நெஞ்சுல குத்தோணும்" என்று ஆட வந்த இளவட்டங்கள் ஆடாமல் நின்றார்கள். "போன்ல கேக்கறாப்பல இல்லீங்களே" என்று பெண்கள் எழுந்தார்கள். பஜ்ஜிக் கடையில் கூட்டம் ஏறியது. கந்தப்பன் மட்டும் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தான் கேட்டு வாங்கியதைத் தானே சாப்பிட்டு முடிக்க வேண்டிய நிலைமை. ஒரு கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினார். அவர் மனைவி குப்பாயி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

முடிந்ததும் கந்தப்பன் மாலை போட்டார். பிறகு மோகன்குமாரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"லைவுதானுங்க வேணும். அதுல மாத்தமில்லை. ஆனா அது ட்ராக் மாதிரி இருக்கோணும். அடுத்த வருசம் பாத்துச் செய்யுங்க."

திரும்பும் வழியில் டீ குடிக்க நிறுத்தினார்கள். மோகன்குமார் டீயைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். டீ ஆறியது. சட்டென்று முகம் தெளிந்தது.

"பாய், சனத்துக்கு என்ன வேணும்? ட்ராக் சத்தம் வேணும். ஆனா நாம வாசிக்கறோம்ங்கற நம்பிக்கையும் வேணும். நாம தப்பு வுட்டா நம்புவாங்க. சரிங்களா?"

"சரி."

"அப்ப ட்ராக்லயே தப்பை ரெக்கார்டு பண்ணிப்புடலாம்."

தமீம் சிரித்தார். மோகன்குமார் சிரிக்கவில்லை.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் பெரியசாமியின் வீட்டு மாடி அறையில் பதிவு நடந்தது. எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் தமீம் கடை மெத்தைகளைச் சாய்த்து வைத்தார்கள். வாங்கிவந்த பாட்டுகளின் மேல் இவர்கள் தங்கள் பிழைகளைப் பதித்தார்கள். ஒரு பாட்டில் மைக் கீச்சிட்டது. ஒன்றில் பெரியசாமியின் குச்சி கீழே விழுந்தது. விழுகிற சத்தம் இயல்பாக வரவில்லை என்று திரும்பத் திரும்பப் போடவைத்தார் மோகன்குமார். "பெரியசாமிண்ணா, கொஞ்சம் மெதுவா" என்று தனப்பிரியா செல்லமாகக் கண்டித்தாள். மூன்றாவது பாட்டில் தமீம் ஒரு சுரத்தைத் தவறவிட்டு, இரண்டு தரம் இருமிவிட்டு, சமாளித்து மறுபடி பிடிக்க வேண்டும். புளியங்காட்டுப்பாளையத்தில் பட்ட அவமானத்துக்கு அது மருந்து என்றார் மோகன்குமார். வாயை எடுத்தால் சத்தமும் நிற்கும் அல்லவா?

ஏற்காட்டுக்கு ஏறப்போகிற பஸ் ஒன்று வாசலில் ஹாரன் அடித்தது. அதுவும் பதிவில் விழுந்துவிட்டது. "இருந்துட்டுப் போகட்டும், உசுரோட்டமா இருக்குது" என்றார் மோகன்குமார். பிறகு ரோடே இல்லாத தோட்டத்துக் கோயில்களில் கூட அந்தப் பாட்டின் நடுவில் ஜனங்கள் திடுக்கிட்டு, குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

'நூற்றுக்கு நூறு லைவ்' என்று பேனர் அடித்தார்கள். அதன் பிறகு வெண்சங்குக்கு ஓய்வே இல்லை. கூட்டம் பிழைகளுக்காகக் காத்திருந்தது. குச்சி விழுந்ததும் விசில் பறந்தது. "பாத்தியா, தப்பு வுட்டுட்டான். அப்ப நெசமாத்தான் வாசிக்கறான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். போட்டிக் குழுக்கள் சும்மா இருக்குமா? ஒரு குழுவின் பாடகர் ஒவ்வொரு பாட்டிலும் சரணத்தை மறந்தார். இன்னொரு குழுவில் கிடாரின் கம்பி தினமும் அதே பாட்டில் அறுந்தது. இன்னொன்றில் பாடகர் உருகிப்போய் அழுதுவிடுவதாகவும், அந்த அழுகை மிகத் தெளிவான ஸ்டீரியோவில் வருவதாகவும் பேசிக்கொண்டார்கள்.

தமீமுக்குத்தான் வேலை கூடிவிட்டது. பஞ்சு மறுபடி உள்ளே போனது. முன்பு சரியான சுரத்துக்கு வாயசைத்தால் போதும். இப்போது தவறுக்கும் அசைக்க வேண்டும். எந்த அட்சரத்தில் தவறு, எந்த அட்சரத்தில் முதல் இருமல், இரண்டாவது இருமலுக்குத் தோள் எவ்வளவு குலுங்க வேண்டும். கண்ணாடி முன்னால் ஒரு நாள் இருமல் சற்று முந்திவிட்டது. "சே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னாச்சு?" என்றார் அஜீஸுன்னிசா.

"தப்பைத் தப்பாப் பண்ணிட்டேன்."

அஜீஸுன்னிசா அடுப்பைப் பார்க்கப் போனார். போகும்போது, "அல்லா எல்லாருக்கும் ஒரு வேலை குடுத்திருக்கான். உங்களுக்கு மட்டும் இதைக் குடுத்திருக்கான்" என்றார்.

சில மாதம் கழித்துக் குமாரபாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. தறி ஓனர் வீடு. புளியங்காட்டுப்பாளையத்துக் கந்தப்பனுக்கும் அவர்கள் சொந்தம். அவர் வர முடியாமல் குப்பாயி மட்டும் வந்திருந்தார். இடைவேளையில் தமீம் மேடைக்குப் பின்னால் காபி குடித்துக்கொண்டிருந்தார். குப்பாயி தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு.

"ஏஞ்சாமி, நல்லா இருக்கறீங்ளா?"

"நல்லா இருக்கேங்கம்மா. வாங்க, உக்காருங்க."

"உக்காரல்லாம் நேரமில்லீங் சாமி. போன மாசம் எங்கூட்டுக்காரரோட அக்கா, எங்க நங்கையா ஊட்டுக் கண்ணாலத்துல உங்க பாட்டுக் கேட்டேன். அந்த மூணாம் பாட்டுல இருமுனீங்க. அதுக்கு முன்னால ஒரு தோட்டத்துக் கோயில்ல கேட்டப்பவும் அதே எடத்துல இருமுனீங்க. இன்னிக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். அதே எடம்." குரலைத் தாழ்த்தினார். "நெஞ்சுச்சளி உள்ள கட்டிப்போச்சுங் சாமி. மூச்சு அந்த எடத்துக்குப் போறப்பத் தட்டுது. எங்க அண்ணனுக்கு இப்படித்தான் இருந்துச்சு, கண்டுக்காம உட்டுட்டோம். தூதுவளை லேகியம் கிண்டிக்கிட்டு வந்திருக்கறேன். காலையில வெறும் வயித்துல ஒரு உருண்டை போடுங்க."

தமீம் தூக்கை வாங்கவில்லை. வாங்காமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு கிராமத்து அம்மா அடுப்படியில் நின்று, தூதுவளையை முள் குத்தக் குத்த ஆய்ந்து, கருப்பட்டி போட்டுக் கிண்டியிருக்கிறார். எதற்கு? பெரியசாமி வீட்டு மாடியில், மோகன்குமார் கை காட்டியபோது இருமிய இருமலுக்கு.

"அம்மா," என்றார். "எனக்குச் சளியெல்லாம் இல்லைங்க. அந்த இருமல் ரெக்கார்டுங்க. ட்ரம்பெட்டும் ரெக்கார்டு. நான் சும்மா நிக்கிறேன்."

குப்பாயி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்தார்.

"அப்ப இருமல் இல்லீங்ளா?"

"இல்லைங்கம்மா."

"மாரியாத்தா! இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு." கோபம் வரும் என்று தமீம் காத்திருந்தார். வேறு யோசனைதான் வந்தது. "இதை எங்கூட்டுக்காரருகிட்டச் சொல்லீராதீங்க சாமி. நாந்தான் கண்டிச்சு அந்தக் குழுவை லைவுக்கு மாத்துனேன்னு அவரு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. பாவம், வேற பெருமை ஒண்ணும் இல்லை. கோழியப் பத்தி எத்தனை நாளைக்குத்தான் பேசறது?"

கிளம்பப் போனவர் திரும்பினார். "மறுபூஜைக்கு வந்து வாசிச்சீங்களே, அதுவும் ரெக்கார்டுங்ளா?"

"இல்லைங்க. அது நானே வாசிச்சது."

"நெனச்சேன். அது வேற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, தூக்கை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். சளி இல்லாவிட்டாலும் லேகியம் நல்லதுதானே.

நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை, நன்றாக இல்லை என்றும் சொல்லவில்லை. வேற மாதிரி. அந்த இரண்டு வார்த்தையைத் தமீம் பல நாள் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு மோகன்குமாரிடம் பேசினார்.

"ஒரே ஒரு பாட்டு. அதுல ட்ரம்பெட்டை மட்டும் ட்ராக்ல இருந்து எடுத்துடுங்க. நான் ஊதறேன்."

"எதுக்குங் பாய்? நல்லாத்தானே ஓடுது வண்டி."

"எனக்கு வேணும், மோகன்."

"தப்பு வுட்டீங்கன்னா?"

"தப்பு விட்டா உங்களுக்கு நல்லதுதானே?"

மோகன்குமார் யோசித்துப் பார்த்தார். மறுக்க வழியில்லை. ஒரு பழைய பாட்டில் ட்ரம்பெட்டை அழித்துக் கொடுத்தார்.

அந்தப் பாட்டு முதலில் மேட்டூரில் வந்தது. ஒரு கம்பெனி ஊழியர் குடியிருப்பில் குடும்ப விழா. சமூகக் கூடத்தில் இன்ஜினியர்களும் அவர்கள் குடும்பங்களும் பிரியாணிக்கு முன்னால் ஒரு கச்சேரி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மற்றப் பாட்டுகள் வழக்கம்போல் குச்சி விழுந்து, மைக் கீச்சிட்டு, பஸ் ஹாரனோடு நடந்தன. தன் பாட்டு வந்தபோது தமீம் திரும்பி நின்று பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பல வாரம் குடோனில் பழகியிருந்தார். மூச்சு எங்கே எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. புருவம் என்ன செய்தது, கன்னம் எப்படி இருந்தது, அவருக்குத் தெரியாது. ஒரு சுரமும் பிசகவில்லை. தனப்பிரியா பாடுவதை விட்டுவிட்டு ஒரு கணம் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

கச்சேரி முடிந்து தமீமும் ஒரு தட்டு வாங்கிக்கொண்டார். கண்ணாடி போட்ட ஒரு இன்ஜினியர் பிரியாணித் தட்டோடு நேராக வந்தார்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க சார்."

"எல்லாப் பாட்டும் பியூர் லைவ். ஒத்துக்கறேன். அங்கங்க தப்பு வந்துச்சு, அதுதான் அழகு. ஆனா அந்த ஒரு பழைய பாட்டு, அதுல மட்டும் ட்ரம்பெட்டை ரெக்கார்டு போட்டு ஓட்டிட்டீங்க. கரெக்டா? எனக்குக் காது கேக்கும் சார். மனுசன் அப்படி ஒரு பிசிறு இல்லாம வாசிக்க முடியாது."

பக்கத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த பெரியசாமி நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். தமீம் அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"கண்டுபிடிச்சுட்டீங்களே சார்" என்றார். "ரொம்பப் பழைய ரெக்கார்டு அது. என்.சி.சி. காலத்துல ஆரம்பிச்சு இப்பத்தான் முடிஞ்சுது."

இன்ஜினியருக்குப் பாதி புரியவில்லை. ஆனால் தன் காது ஜெயித்த சந்தோஷத்தில் தமீமின் தட்டில் தானே ஒரு கறித்துண்டு எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

வேன் கிளம்பியதும் மோகன்குமார் ஆரம்பித்தார். "பாத்தீங்ளா பாய்? நம்ம பேரே கெட்டிருக்கும். இனிமே அந்தப் பாட்டுல ஒரு பிசிறாவது வுடுங்க. இல்லீன்னா ட்ராக்லயே திரும்பப் போட்டுடறேன்."

"பிசிறு தானா வந்தா வரட்டும். நானா விட மாட்டேன்."

"சனம் நம்பாதுங்க."

"நம்பாட்டிப் போகட்டும் மோகன். மத்த பாட்டெல்லாம் நம்பறாங்களே, அது போதாதா?"

மோகன்குமார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பின் சீட்டிலிருந்து பெரியசாமியின் குரல் வந்தது.

"ஓனரே, அடுத்த தடவை அந்தப் பாட்டுக்கு எனக்கும் ஒயரைக் குத்தியுட்டுருங்க."

"நீங்களுமா? ரெண்டு பேரும் சேந்து எம்பொழப்பைக் கெடுக்கறதுன்னே இருக்கறீங்க" என்று கத்தினார் மோகன்குமார். ஆனால் அடுத்த ஒத்திகையில் அந்தப் பாட்டு வந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கீபோர்டின் சத்தத்தை அவரே மெதுவாகத் திறந்துவைத்தார். லேப்டாப் அந்த நேரம் வெறுமனே விழித்துக்கொண்டிருந்தது.

இப்போது வெண்சங்கின் கச்சேரியில் அந்த ஒரு பாட்டு அப்படித்தான் நடக்கிறது. கடைசிக்கு முந்தின பாட்டாக வைத்திருக்கிறார்கள். அதற்கு விசில் வராது. பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் ஜனங்கள் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள், செருப்பைத் தேடுகிறார்கள், தூங்கிய குழந்தையைத் தோளில் போடுகிறார்கள். மேடையில் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையசைத்து, ஒன்றாகத் தொடங்குகிறார்கள்.